பாதகமான கணக்கை யார் எழுதுவார்?

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், பட்டா மாறுதலுக்கோ, முதியோர் உதவித்தொகைக்கோ, தூர்ந்துபோன வாய்க்காலைச் சீர்செய்யக் கோரியோ ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, சில வாரங்கள் கழித்துக் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியோ தபாலில் ஒரு பழுப்பு உறையோ வந்து சேர்வது உண்டு. தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்ற விவரமும், ஆகவே அது முடிவு செய்யப்பட்டது என்ற தகவலும் அதில் இருக்கும். வாய்க்கால் தூர்ந்தது தூர்ந்தபடியே கிடக்கும். ஆனால் பெறப்பட்டவை இத்தனை, முடிக்கப்பட்டவை இத்தனை, நிலுவை இல்லை என்று அச்சாகிற மாதாந்திர அறிக்கையில் அதுவும் முடிந்த காரியங்களோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ஆயினும் அரசாங்கத்தின் சமையலறையில் அதற்கென்று ஓர் அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது.

இதற்காக அந்தக் குறுஞ்செய்தியை அனுப்பிய உதவியாளரைக் கடிந்துகொள்வதில் பிரயோஜனம் இல்லை. அவருடைய அதிகாரி மாதந்தோறும் போய் உட்காருகிற ஆய்வுக் கூட்டத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். முன்சுவரில் ஓர் அட்டவணை ஒளிர்கிறது. வட்டம் வாரியாகப் பெயர்கள், எதிரே எண்கள், இலக்கை எட்டியவர்களுக்குப் பச்சை, எட்டாதவர்களுக்குச் சிவப்பு. சிவப்பில் இருப்பவர் எழுந்து நிற்கிறார். நில அளவையர் பணியிடம் காலியாக இருப்பதால் அளந்து கொடுக்க ஆளில்லை, ஆகவே மனுக்கள் நிற்கின்றன என்று அவர் உள்ளதை உள்ளபடி சொன்னால், "காரணம் கேட்கவில்லை, எப்போது முடிப்பீர்கள் என்றுதான் கேட்டேன்" என்ற பதில் வருகிறது. அடுத்த வட்டத்திலும் நில அளவையர் இல்லை. ஆனால் அங்கே எல்லா மனுக்களையும் மேலுக்கோ கீழுக்கோ அனுப்பி முடித்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்தபடியே பாராட்டுப் பெறுகிறார். அந்த மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த மாதம் அட்டவணை முழுவதும் பசேலென்று இருக்கும்; நில அளவையர் பணியிடம் மட்டும் காலியாகவே இருக்கும்.

நிர்வாகத்தில் செயல்திறனை அளப்பதைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்டிருக்கும் நூல்கள் அனந்தம். எதை அளப்பது, எந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு மதிப்பெண், எத்தனை நாளுக்கொரு முறை அளப்பது என்பன பற்றியெல்லாம் அவற்றில் விஸ்தாரமான விவாதங்கள் உண்டு. அரசு அலுவலக வராந்தாக்களில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: தனக்குப் பாதகமான எண்ணை ஒருவர் உண்மையாக எழுதினால், மறுநாள் அவருக்கு என்ன நேர்கிறது? இதற்கு ஓர் அலுவலகம் தருகிற பதிலே அங்குள்ள எல்லாக் கணக்குகளின் யோக்கியதையையும் நிர்ணயித்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அளவுகோல் எவ்வளவு நுட்பமாயிருந்தாலும், தண்டனைக்குப் பயந்த கை அதைப் பிடித்திருக்குமானால், அது காட்டுவது அந்தப் பயத்தின் நீளத்தைத்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று எண்ணிவிட வேண்டாம். 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற கல்வி அமைச்சர் திருத்திய விதித்தொகுப்பு ஒன்றை அமலுக்குக் கொண்டுவந்தார். ஆரம்பப் பள்ளிகளுக்கு அரசாங்கம் தரும் மானியம் இனிமேல் பரீட்சையின் விளைவைப் பொறுத்தே தரப்படும் என்பது அதன் சாராம்சம். ஒரு பிள்ளையின் வருகைக்காக 4 ஷில்லிங். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால், ஆய்வாளர் நேரில் வந்து நடத்தும் பரீட்சைக்காக மேலும் 8 ஷில்லிங். அந்த எட்டில், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் எதில் தவறினாலும் பாடம் ஒன்றுக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். இந்தத் திட்டம் சிக்கனமாக இராவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இராவிட்டால் சிக்கனமாக இருக்கும் என்று லோ பார்லிமெண்டில் வாதாடினார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! வரி கொடுப்பவனுடைய பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் என்ன தவறு?

விளைந்தது என்னவென்றால், பள்ளி உபாத்தியாயர்கள் ஆய்வாளர் எந்தப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுவாரோ அந்தப் புத்தகத்தையே ஆண்டு முழுவதும் உருப்போட வைத்தார்கள். சரித்திரமும் பூகோளமும் ஓசையின்றி வகுப்பறையைவிட்டு வெளியேறின, ஏனெனில் அவற்றுக்கு ஷில்லிங் இல்லை. கையில் பிடித்திருக்கும் புத்தகம் தலைகீழாக இருந்தாலும் பிள்ளைகள் தங்குதடையின்றி வாசித்ததாகக் கதைகள் உலவின. கவிஞராகவும் விமர்சகராகவும் உலகம் அறிந்த மாத்யூ ஆர்னால்டு, 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக உத்தியோகம் பார்த்தவர். தாம் சேவகம் செய்த இலாகாவின் கொள்கையையே எதிர்த்து அவர் வெளிப்படையாக எழுதினார். முன்பெல்லாம் ஆய்வாளர் ஒரு பள்ளிக்குள் நுழைந்தால், உபாத்தியாயர் தம் கஷ்டங்களை அவரிடம் எடுத்துச் சொல்லி ஆலோசனை கேட்க முடிந்தது. புதிய முறையிலோ அவர் பணப்பையோடு வந்த பரீட்சகர் ஆகிவிட்டார். பலவீனமான பிள்ளையைப் பரீட்சகரின் கண்ணிலிருந்து எப்படி மறைப்பது என்பதே பள்ளியின் கவலையாயிற்று. அந்தப் பலவீனத்தைக் கண்டுபிடிக்கவே பரீட்சை வந்தது என்பதை எல்லாரும் மறந்துபோனார்கள்.

இதே சரித்திரத்தில் இன்னொரு சுவாரசியமான சம்பவமும் உண்டு. ஆய்வாளர்கள் அனுப்பிய அறிக்கைகளில் இலாகாவின் கொள்கைக்கு ஒவ்வாத பகுதிகள் வெட்டப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்து, 1864இல் காமன்ஸ் சபை அதன்மேல் தீர்மானம் நிறைவேற்ற, லோ பதவியை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் அமைந்த விசாரணைக் குழு அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் உபாத்தியாயரின் உண்மைக்கு விலை வைத்த ஓர் இலாகா தன்னைப் பற்றிய உண்மையைக் கேட்பதில் எவ்வளவு சங்கடப்பட்டது என்பது அந்தச் சச்சரவில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பரீட்சை விளைவுக்கேற்ப மானியம் தரும் இந்த முறை கடல் கடந்து நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து திண்ணைப் பள்ளிகள் வரை எட்டியது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கமிஷன் ஆரம்பப் பள்ளிகளுக்கு இதையே சிபாரிசும் செய்தது. வைஸ்ராய் கர்சன் பிரபுவின் காலத்தில்தான் அது வழக்கொழிந்தது.

வழக்கொழிந்தது மானிய விதிதான், மனப்பான்மை ஒழியவில்லை. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய பதாகை வைக்கும் பள்ளிகளில் சில, சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவதை நம் ஊர்களில் அறியாத பெற்றோர் இல்லை. சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே உள்ள எண்ணை உயர்த்துவது கடினம், கீழே உள்ள எண்ணைக் குறைப்பது சுலபம். கணக்குப் பாடத்தில் தோற்ற பிள்ளை வெளியே போனான். கணக்கில் வல்ல நிர்வாகம் உள்ளே இருந்துகொண்டது.

இலக்கு என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் வட இந்தியக் கிராமங்களில் முதியவர்களுக்கு ஞாபகம் வருவது நெருக்கடி நிலைக் காலம். 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடு முழுவதும் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன; மத்திய அரசாங்கம் நிர்ணயித்த இலக்கோ ஏறக்குறைய 43 லட்சம்தான். இலக்கைப்போல் ஏறக்குறைய இருமடங்கு சாதிப்பது எந்த அட்டவணையிலும் பச்சையாகத்தான் ஒளிரும். மாநிலத்துக்கு ஒதுக்கிய எண்ணை மாநிலம் உயர்த்தியது. மாவட்டம் அதற்குமேல் உயர்த்தியது. கடைசியில் அது பள்ளி ஆசிரியரின் தலையில், இத்தனை பேரைக் கொண்டுவராவிட்டால் சம்பளம் நிறுத்தப்படும் என்ற உத்தரவாக வந்து இறங்கியது. என் கிராமத்தில் சம்மதிப்பவர் எவரும் இல்லை என்ற மெய்யான கணக்கை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஆகவே முதியவர்களையும் மணமாகாதவர்களையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னாளில் நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் இவற்றை விரிவாகப் பதிவு செய்தது. குடும்ப நலத் திட்டத்தில் மேலிருந்து எண் விதிக்கும் வழக்கத்தை அரசாங்கம் கொள்கையளவில் கைவிட, 1996 ஏப்ரல் வரை காலம் பிடித்தது.

தனிமனிதரை அளக்கும்போதும் இதே கூத்துத்தான், சற்று நாகரிகமான உடையில். அரசு ஊழியரைப் பற்றி மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மந்தண அறிக்கையை எடுத்துக்கொள்வோம். எல்லைச் சாலை அமைப்பில் பணியாற்றிய பொறியாளர் ஒருவருக்கு ஓர் ஆண்டில் 'நன்று' என்று மதிப்பீடு எழுதப்பட்டது. பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' வேண்டும். நன்று என்பது புகழ்ச்சி ஆயிற்றே, அதைப் போய் அவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று இலாகா சும்மா இருந்துவிட்டது. பாதகமான குறிப்பை மட்டுமே தெரிவிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பதவி உயர்வை இழந்தபின் அவர் வழக்காடினார். தேவ் தத் வழக்கு என்று அறியப்படும் அதில் 2008இல் உச்ச நீதிமன்றம், பாதகமோ சாதகமோ எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மிக நல்ல தீர்ப்பு. அதற்குப் பிறகு ஒரு பக்க விளைவும் ஏற்பட்டது: குறைவாக எழுதினால் விளக்கம் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்குப் பதில் தயாரிக்க வேண்டும் என்று தயங்கிய அதிகாரிகள் பெரும்பாலோருக்கும் உச்ச மதிப்பெண்ணே போட்டுவிடத் தலைப்பட்டார்கள். பாதகமான கணக்கை எழுதுகிறவருக்கே வேலையும் வம்பும் என்று ஆனபின், மேலதிகாரியும் மனிதர்தானே!

இதுவரை சொன்னதைக் கொண்டு, அளப்பதே வேண்டாம், இலக்குகளைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் நினைக்கக்கூடாது. அதற்கு எதிரான சாட்சியமும் உண்டு. 2000ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையில், சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலத்துக்குக் கடுமையான இலக்குகள் விதித்து, தவறிய மருத்துவமனைகளின் பெயரைப் பகிரங்கப்படுத்தினார்கள். அதே காலத்தில் வேல்ஸ் அந்த வழியில் போகவில்லை. காத்திருக்கும் காலம் இங்கிலாந்தில் கண்கூடாகக் குறைந்தது. வேல்ஸில் அப்படிக் குறையவில்லை. அதே வேளையில், உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடங்களுக்குள் ஆம்புலன்ஸ் போய்ச் சேரவேண்டும் என்ற விதியின்கீழ் சில சேவைகள் அனுப்பிய பதிவேடுகளைப் படமாக வரைந்து பார்த்தபோது, எட்டாவது நிமிடத்துக்குச் சற்று முன்வரை வண்டிகள் மலைபோல் குவிந்து, அதைத் தாண்டியதும் திடீரென்று பாதாளத்தில் விழுந்தன. சாலைப் போக்குவரத்து அவ்வளவு ஒழுங்காக எட்டு நிமிடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஆக, பயமுறுத்தினால் வேலையும் நடக்கிறது, பொய்யும் நடக்கிறது. எது எவ்வளவு என்பதை அந்தப் பதிவேட்டைக் கொண்டே அறிந்துகொள்ள முடியாமல் போகிறது என்பதுதான் நிஜமான நஷ்டம்.

பாதகமான கணக்கை எழுதுவதற்கு மனிதர்களைப் பழக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உத்தமமான உதாரணம் இருக்கிறது. 1990களின் மத்தியிலிருந்து இம்மாநிலத்தின் சுகாதாரத் துறை, பிரசவத்தை ஒட்டி நேரும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கும் தணிக்கை முறையை வளர்த்துவந்தது. மரணம் நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போகவேண்டும். பிறகு ஒரு குழு இறந்தவரின் வீட்டுக்கே சென்று, கணவரோடும் தாயாரோடும் உட்கார்ந்து, வலி எடுத்தது எப்போது, மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தது யார், வண்டி கிடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, முதலில் போன இடத்தில் என்ன சொல்லி அனுப்பினார்கள், இரத்தம் எங்கே கிடைத்தது என்று மணி வாரியாகக் கேட்டு எழுதியது. பெயரைச் சொல்லி எவர்மீதும் பழி சுமத்துவதற்காக இந்த விசாரணை இல்லை என்பது அதன் அடிப்படைத் தர்மமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரு கிராம சுகாதார செவிலியர் மரணத்தை மறைக்காமல் எழுதினால், அந்தப் பெண் ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்வி செவிலியரோடு நின்றுவிடாமல், சாலைக்கும் இரத்த வங்கிக்கும் மயக்க மருந்து நிபுணர் பற்றாக்குறைக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பதிவு பலப்பட்டபோது முதலில் நடந்தது, கணக்கில் ஏறிய மரணங்களின் எண்ணிக்கை அதிகரித்ததுதான். ஆய்வுக் கூட்டத்து மனப்பான்மை உள்ள ஒருவர் அந்த வரைபடத்தைப் பார்த்திருந்தால், நிலைமை மோசமாகிவிட்டது, யாரை இடமாற்றம் செய்யலாம் என்று கேட்டிருப்பார். அப்படிச் செய்யாமல், ஒளிந்திருந்தது வெளியே வருகிறது என்று அதைப் புரிந்துகொண்டவர்கள் அன்று பொறுப்பில் இருந்தார்கள். மூன்று செவிலியர்களோடு இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசரப் பிரசவங்களைக் கவனிப்பதற்கென்றே வலுவூட்டப்பட்ட அரசு மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ் ஏற்பாடு ஆகியவை அந்த விசாரணைகள் காட்டிய திசையில் அமைந்தன. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இத்தனை தாய்மார் மரணம் என்ற விகிதம் 2001-03இல் தமிழ்நாட்டில் 134 ஆக இருந்தது. 2018-20இல் 54 ஆயிற்று. அப்போது அகில இந்திய சராசரி 97.

இந்த 134ஐயும் 54ஐயும் சுகாதாரத் துறை தானே எழுதிக்கொள்ளவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவை இந்தியப் பதிவாளர் நாயகத்தின் மாதிரிப் பதிவு முறையிலிருந்து வருபவை. தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் ஒருவர் பிறப்பு இறப்புகளை அவ்வப்போது குறித்துவருவார்; அவருடைய ஏட்டைப் பாராமலே மேற்பார்வையாளர் ஒருவர் ஆறு மாதத்துக்கொரு முறை வீடு வீடாகச் சென்று தனியாக ஒரு கணக்கு எடுப்பார்; இரண்டையும் பொருத்திப் பார்த்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை மீண்டும் அதே வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பார்கள். ஆரவாரமில்லாத, சலிப்பூட்டும் வேலை. ஆனால் அந்த மேற்பார்வையாளருக்கு, ஒரு மரணம் கூடினாலும் குறைந்தாலும் தம் சம்பளத்தில் காலணா வித்தியாசம் இல்லை. அவருடைய எண்ணை நாம் நம்புவதற்கு அதுவே போதுமான காரணம்.

இப்படிப்பட்ட நல்ல ஏற்பாடுகளும் சாசுவதம் அல்ல. மகப்பேறு மரணத் தணிக்கைக் கூட்டங்கள் வரவர மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இடங்களாகிவிட்டன என்று அரசு மருத்துவர் சங்கங்கள் அண்மை ஆண்டுகளில் குறைபட்டுப் போராடியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்தக் குறை முழுதும் நியாயமா என்பது வேறு விஷயம். அப்படி ஓர் எண்ணம் பரவினாலே, அபாயமான நிலையில் வரும் கர்ப்பிணியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால் மரணம் நம் கணக்கில் ஏறாது என்று ஒரு மருத்துவருக்குத் தோன்றுவதற்கு வழி பிறந்துவிடும். முப்பது ஆண்டுகளாகச் சிரமப்பட்டுச் சம்பாதித்த நேர்மையை ஒரு கூட்டத்தின் கடுஞ்சொல் கரைத்துவிடக்கூடும்.

ஆகாயப் போக்குவரத்தில் இந்த ஞானம் பெரிய விலை கொடுத்து வாங்கப்பட்டது. 1974 டிசம்பர் 1ஆம் தேதி வாஷிங்டன் அருகே ஒரு டி.டபிள்யூ.ஏ. விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டார்கள். அதே மலையில் மோத இருந்து தப்பிய வேறொரு நிறுவனத்தின் விமானி, ஆறு வாரங்களுக்கு முன்பே தம் நிறுவனத்துக்குள் அதைச் சொல்லியிருந்தார்; வெளியே எவருக்கும் அது எட்டவில்லை. இதன் பின்னர் 1976இல் அமெரிக்கா ஓர் ஏற்பாடு செய்தது. தவறு செய்த விமானி அதைத் தாமே எழுதித் தண்டிக்கும் அதிகாரமுள்ள இலாகாவுக்கு அனுப்பாமல் நாசாவுக்கு அனுப்புவார். அங்கே பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லாருக்கும் சொல்லுவார்கள். வேண்டுமென்று செய்யாத பிழையைப் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பியவருக்கு அபராதமோ உரிம நிறுத்தமோ இல்லை. கற்றுக்கொள்ளும் ஏடு ஒரு கையிலும் தண்டிக்கும் ஏடு இன்னொரு கையிலும் இருக்க வேண்டும் என்ற விவேகம் அது.

அப்படியானால் சோம்பேறிக்கும் லஞ்சம் வாங்குபவனுக்கும் தண்டனையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, தாராளமாக உண்டு. ஆனால் தண்டனை எதற்கு என்பதில் ஒரு வரிசை வேண்டும். குறைந்த எண்ணுக்கு விசாரணை; காரணம் தெரிந்து உதவி செய்தபின்னும் அசட்டை தொடர்ந்தால் கண்டனம்; எண்ணை மாற்றி எழுதியதற்கோ அனைத்திலும் கடுமையான தண்டனை. இப்போது நம் அலுவலகங்களில் இந்த வரிசை நேர் தலைகீழாக இருக்கிறது: குறைந்த எண்ணுக்கு அன்றைக்கே வசவு, திருத்திய எண்ணுக்குப் பாராட்டுச் சான்றிதழ்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திலோ, வங்கியிலோ, மென்பொருள் நிறுவனத்திலோ நாலு பேருடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் சிவப்பில் இருப்பவரை நிற்கவைக்காமல் முதலில் அவரைப் பேசவிட்டு, அவர் கேட்கும் நில அளவையரை அந்தக் கூட்டத்திலேயே ஏற்பாடு செய்து கொடுங்கள். பிறகு பச்சையில் இருப்பவர்களின் பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து மனுக்களை எடுத்து, மனுக் கொடுத்தவரின் வீட்டுக்கு ஆளனுப்பி, காரியம் முடிந்ததா என்று கேட்டுவரச் செய்யுங்கள். மாதாமாதம் இந்த இரண்டையும் விடாமல் செய்தால், முதல் சில மாதங்களுக்கு உங்கள் மாவட்டத்தின் எண்கள் மற்ற மாவட்டங்களைவிட மோசமாகத் தெரியும். அதைத் தலைமைச் செயலகத்தில் தலைநிமிர்ந்து விளக்குகிற துணிவு உங்களுக்கு இருந்தால், உங்களுக்குக் கீழே இருப்பவர்களும் உங்களிடம் மெய்யை எழுதுவார்கள்.